கேபிளுக்குள் இரண்டு பாதைகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. தண்டவாளங்களுக்கு மேலே நீண்டு செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. வண்டியின் கூரைமேல் அமைந்த சட்டம் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டி ஆவடியில் நிற்கும்போதும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. விளக்குகள் எரிகின்றன, மின்விசிறிகள் சுழல்கின்றன. ஆயினும் வண்டி நகர்வதில்லை. ஏன்? சிக்னல் இன்னும் விழவில்லை!

ஆக, ரயிலுக்கு இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று ஆற்றல், மற்றொன்று செய்தி. ஆற்றல் ஒரு பாதையில் வருகிறது. செய்தி வேறொரு பாதையில் வருகிறது. ஒன்று இருப்பதனாலேயே மற்றொன்றும் இருக்கிறது என்று நாம் கருதிவிட முடியாது.

இதே நிலையை உங்கள் வீட்டு மேசைமீதும் காணலாம். அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் எடுத்த படங்கள் கைபேசியில் உள்ளன. அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றி, அறிக்கையில் சேர்த்து, நாளைக் காலையில் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். கேபிளின் ஒரு முனையைக் கணிப்பொறியிலும் மறு முனையைக் கைபேசியிலும் செருகுகிறீர்கள். கைபேசியில் மின்னேற்றக் குறி தோன்றுகிறது. ஆனால் கணிப்பொறியோ, எதுவுமே நடவாததுபோல் சும்மா இருக்கிறது! உடனே வீட்டில் ஆளுக்கொரு கருத்து எழுகிறது. "போன் கெட்டுவிட்டது" என்கிறார் ஒருவர். "கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது" என்கிறார் மற்றொருவர். இரண்டும் தவறாக இருக்கலாம். ஆற்றல் போய்ச் சேர்ந்துவிட்டது, செய்தி போய்ச் சேரவில்லை என்பதே நமக்குத் திட்டமாகத் தெரிந்த உண்மை. அங்கிருந்து நமது ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

இரண்டு துளைகள் ஒன்றானது எப்படி?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. அங்கு நோக்கியா நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலை 2006-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 2014-ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. அக்காலத்து நோக்கியா கைபேசி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மின்னேற்றம் செய்வதற்கென்று சின்னஞ்சிறு வட்டத் துளை ஒன்று இருக்கும். கணிப்பொறியோடு இணைக்கும் வசதி உள்ள கைபேசியானால், அதற்கென வேறொரு வாய் தனியாக இருக்கும். ஆற்றலின் பாதையும் செய்தியின் பாதையும் வெளிப்படையாகவே பிரிந்திருந்த காலம் அது. விலை குறைந்த பல கைபேசிகளில் செய்திக்கான வாயே கிடையாது.

அந்நாளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகியை வைத்திருந்தது. ஒருவர் வீட்டுச் சார்ஜர் அடுத்தவர் கைபேசிக்குப் பொருந்தாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவர் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை அவர் கடைந்து தருகிறார். வேறொரு பட்டறையில் செய்த அதே அளவு நட் அதில் சிக்கலின்றி ஏறுகிறது. மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். பொது அளவு இல்லையேல் தொழிற்பேட்டையே இயங்காது.

கணிப்பொறிகளுக்கும் இப்படியொரு பொது அளவு தேவைப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் கணிப்பொறியின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று என வெவ்வேறு வடிவத்தில் வாய்கள் இருந்தன. இவையனைத்திற்கும் ஈடாக ஒரே வாயை அமைக்க இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தன. இன்டெல் நிறுவனத்தில் இப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் அஜய் பட். பரோடாவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் விதிமுறை வெளியாயிற்று. அதுவே 'யுனிவர்சல் சீரியல் பஸ்', சுருக்கமாக யு.எஸ்.பி. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் பாதை என்பது இதன் பொருள். 2013-ஆம் ஆண்டில் அஜய் பட்டுக்கும் அவருடைய குழுவினருக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

இந்தப் பொதுவாய் பின்னர் கைபேசிக்கும் வந்தது. அப்போது ஆற்றலும் செய்தியும் ஒரே கேபிளுக்குள் புகுந்தன. வெளியே பார்க்க ஒரே கேபிள்தான்; உள்ளே பாதைகள் இன்றும் தனித்தனியேதான் உள்ளன. இதை மறந்துவிடுவதால்தான் நமக்குக் குழப்பம் நேருகிறது.

நான்கு கம்பிகள்

சாதாரண யு.எஸ்.பி. கேபிள் ஒன்றின் உறையை நீக்கினால் நான்கு மெல்லிய கம்பிகளைக் காணலாம். வழக்கமாக அவற்றின் நிறங்கள் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் மின்னழுத்தம் வருகிறது. கறுப்பு, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி. இவ்விரண்டும் ஆற்றலின் பாதை. பச்சையும் வெள்ளையும் செய்தியின் பாதை. பச்சையை 'டி பிளஸ்' என்றும், வெள்ளையை 'டி மைனஸ்' என்றும் அழைப்பர்.

முதலில் ஆற்றலைக் கவனிப்போம். 2000-ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 விதிப்படி, புதிதாக வந்து சேரும் கருவி முதலில் 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கலாம். தான் யார் என்று தெரிவித்து, கணிப்பொறியின் அனுமதி பெற்ற பின்னரே 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 5 வோல்ட்டை 0.5 ஆம்பியரால் பெருக்கினால் 2.5 வாட். இன்றைய கைபேசியின் பாட்டரி 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும் சராசரி 3.85 வோல்ட் மின்னழுத்தமும் உடையது எனக் கொள்வோம். அதன் ஆற்றல் 5 × 3.85 = 19.25 வாட்-மணி. இதை 2.5 வாட்டால் வகுத்தால் 7.7 மணி நேரம்! வழியில் வெப்பமாக இழக்கப்படும் ஆற்றலையும் சேர்த்தால் இன்னும் கூடும். பழைய கணிப்பொறியில் செருகிய கைபேசி ஏன் அவ்வளவு மெதுவாக மின்னேற்றம் பெறுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கேபிளின் நீளமும் இங்கே முக்கியம். தாமிரக் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.08 சதுர மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் மின்னோட்டம் போவதற்கு 2 மீட்டர், வருவதற்கு 2 மீட்டர். ஆக மொத்த மின்தடை ஏறக்குறைய 0.85 ஓம். 0.5 ஆம்பியர் பாயும்போது ஓம் விதிப்படி 0.43 வோல்ட் கேபிளிலேயே இழக்கப்படுகிறது. கைபேசிக்குச் சென்று சேர்வது 4.57 வோல்ட் மட்டுமே. இதுவே 2 ஆம்பியரானால் 1.7 வோல்ட் இழப்பு; மிஞ்சுவது 3.3 வோல்ட். லிதியம் அயனிப் பாட்டரியை 4.2 வோல்ட் வரை ஏற்றுவதற்கு இது போதாது. மெல்லிய, நீண்ட, மலிவான கேபிளின் குறை இதுதான்.

ஆடும் பஸ்ஸில் இரண்டு மாணவர்கள்

இனிச் செய்தியின் பாதைக்கு வருவோம். செய்தி அனுப்ப ஒரு கம்பியே போதுமே, இரண்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் பஸ்ஸில், நெட்டையான மாணவன் ஒருவனும் குட்டையான மாணவன் ஒருவனும் அருகருகே நிற்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பஸ் பள்ளத்தில் இறங்குகிறது. இருவர் தலையும் கீழே போகின்றன. மேட்டில் ஏறுகிறது; இருவர் தலையும் மேலே வருகின்றன. சாலை ஓரத்தில் நின்று பார்க்கும் ஒருவரால் எந்தத் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் இருவருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். பஸ் எவ்வளவு குதித்தாலும் அந்த வித்தியாசம் மாறுவதில்லை.

யு.எஸ்.பி. கேபிளிலும் இதே உத்திதான். மிக்சியோ மோட்டாரோ ஓடும்போது எழும் மின்காந்தத் தொந்தரவு கேபிளின்மீது விழுகிறது. பச்சைக் கம்பியும் வெள்ளைக் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால், அந்தத் தொந்தரவு இரண்டின் மின்னழுத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்த்துகிறது அல்லது தாழ்த்துகிறது. பெறும் முனையோ இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. பச்சை உயர்ந்திருப்பது ஒரு நிலை. வெள்ளை உயர்ந்திருப்பது மற்றொரு நிலை. இந்நிலைகள் மாறுவதையும் மாறாமல் இருப்பதையும் கொண்டு 0, 1 என்னும் பிட்டுகள் உணரப்படுகின்றன.

யு.எஸ்.பி. 2.0-வின் உச்ச வேகத்தில் வினாடிக்கு 48 கோடி பிட்டுகள் செல்கின்றன. அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2.08 நானோ வினாடி. கேபிளில் மின்சைகை வினாடிக்கு ஏறத்தாழ 20 கோடி மீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொண்டால், ஒரு பிட் முடிவதற்குள் அது 42 செண்டிமீட்டர் தூரம் சென்றிருக்கும். எனவே 2 மீட்டர் கேபிளுக்குள் எந்தக் கணத்திலும் ஏறத்தாழ ஐந்து பிட்டுகள், ரயில் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்! இவ்வளவு நுட்பமான ஓட்டத்தைச் செருகுவாயில் படிந்த தூசியோ தளர்ந்த இணைப்போ குலைத்துவிடும். மின்னேற்றம் மட்டும் தடையின்றி நடக்கலாம். ஏனெனில் ஆற்றலுக்கு வேண்டியது நிலையான 5 வோல்ட் மட்டுமே.

"வந்திருப்பது யார்?"

கேபிளைச் செருகியவுடன் கைபேசி வந்திருப்பதைக் கணிப்பொறி எப்படி அறிகிறது? பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதியே இதற்குப் போதும்.

கணிப்பொறிக்குள் பச்சை, வெள்ளைக் கம்பிகள் ஒவ்வொன்றும் 15,000 ஓம் மின்தடை வழியாகப் புவி முனையோடு இணைக்கப்பட்டுள்ளன. எதுவும் செருகப்படாதபோது இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் சுழி. கைபேசிக்குள்ளோ, பச்சைக் கம்பி 1,500 ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டோடு இணைக்கப்படுகிறது. கேபிளைச் செருகியதும் இவ்விரண்டு மின்தடைகளும் தொடரிணைப்பில் அமைகின்றன. மொத்தம் 16,500 ஓம். பாயும் மின்னோட்டம் 3.3 ÷ 16,500 = 0.0002 ஆம்பியர். 15,000 ஓம் மின்தடையின் குறுக்கே மின்னழுத்தம் 0.0002 × 15,000 = 3 வோல்ட். சுழியாக இருந்த பச்சைக் கம்பி 3 வோல்ட்டுக்கு உயர்ந்துவிட்டது. "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று கணிப்பொறி அறிந்துகொள்கிறது. வாசல் மணியை அடித்ததுபோல்தான் இது.

அதன்பின் நடப்பது ஓர் ஒழுங்கான உரையாடல். இதில் கணிப்பொறியே ஆசிரியர்; கைபேசி மாணவர். ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால்தான் மாணவர் பேசலாம். கணிப்பொறி இரண்டு கம்பிகளையும் சிறிது நேரம் தாழ்த்தி, "தொடக்க நிலைக்கு வா" என்கிறது. புதிதாக வந்த கருவியின் முகவரி எப்போதும் 0. அந்த முகவரிக்குக் கணிப்பொறி "நீ யார்?" என்று கேட்கிறது. கைபேசி 18 பைட்டுகள் கொண்ட அறிமுகச் சீட்டைத் தருகிறது. தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண் ஆகியவை அதில் உள்ளன. பிறகு 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்று அதற்கு வழங்கப்படுகிறது. முகவரிக்கு 7 பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளதால் 128 எண்கள் கிடைக்கும். 0 புதியவருக்கென்று வைக்கப்பட்டிருப்பதால் மீதி 127.

தொடர்ந்து கணிப்பொறி, "உனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? உன்னால் என்னென்ன வேலைகள் ஆகும்?" என்று கேட்டறிந்து, அதற்கேற்ற மென்பொருளை எழுப்புகிறது. கணிப்பொறி எழுப்பும் 'டிங்' ஒலி இந்த அறிமுகம் நடந்தேறியதற்கு அடையாளம். அந்த ஒலியைக் கவனித்துக் கேளுங்கள். பழுதைக் கண்டறிய அது பெரிதும் உதவும்.

சாவியா, கௌன்டரா?

அறிமுகம் முடிந்துவிட்டது. ஆனால் படங்கள் தெரியவில்லை! கோப்புறையைத் திறந்தால் வெறுமையாக இருக்கிறது. இது பழுதன்று, பாதுகாப்பு.

ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கு நூலைப் பெற இரண்டு வழிகள் இருக்கலாம். அறையின் சாவியையே வாங்கி உள்ளே போய் எடுத்துக்கொள்வது ஒன்று. கௌன்டரில் நின்று நூலகரிடம் பெயரைச் சொல்லிப் பெறுவது மற்றொன்று. பென் டிரைவ் முதல் வழியில் வேலை செய்கிறது. தன் நினைவகம் முழுவதையும் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிடுகிறது. தொடக்ககால ஆண்ட்ராய்டு கைபேசிகளும் தம் நினைவக அட்டையை இப்படித்தான் ஒப்படைத்தன. அதில் ஒரு தொல்லை இருந்தது. ஒரே பதிவேட்டில் இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும் அல்லவா? ஆகவே கணிப்பொறி அட்டையை வைத்திருக்கும் வரை கைபேசி அதைத் தொடாமல் ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது.

2011-க்குப் பின் வந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் இரண்டாவது வழிக்கு மாறின. இதற்கான உரையாடல் விதிமுறைக்கு எம்.டி.பி. என்று பெயர். கணிப்பொறி "இந்தப் படத்தைக் கொடு" என்று கேட்கிறது. கைபேசியே தன் நினைவகத்திலிருந்து எடுத்துத் தருகிறது. சாவி கைபேசியிடமே இருக்கிறது. சாவி அதனிடம் இருப்பதால், "தரலாமா?" என்று உரியவரைக் கேட்கவும் அதனால் முடிகிறது. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிளைச் செருகியதும் கைபேசி மின்னேற்றத்தை மட்டுமே ஏற்கிறது. 'கோப்புப் பரிமாற்றம்' என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்தால்தான் படங்கள் தெரியும். ஐபோனில் 2013 முதல் 'இந்தக் கணிப்பொறியை நம்பலாமா?' என்ற கேள்வி தோன்றுகிறது. திரை பூட்டியிருந்தால் இரண்டிலும் கதவு திறவாது.

பழுதைக் கண்டுபிடிப்போம்

இதுவரை அறிந்தவற்றைக் கொண்டு நமது முதற் சிக்கலுக்குத் திரும்புவோம். அறிகுறியைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கலாம்.

1. மின்னேற்றமும் இல்லை, ஒலியும் இல்லை. ஆற்றலின் பாதையே அறுபட்டிருக்கிறது. கேபிள் முறிந்திருக்கலாம், செருகுவாயில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். கைபேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக நீக்கிப் பாருங்கள். ஊக்கு, ஊசி போன்ற உலோகம் எதையும் நுழைக்கக் கூடாது.

2. மின்னேற்றம் உண்டு, ஒலி இல்லை. கைபேசித் திரையில் கேள்வியும் தோன்றவில்லை. வாசல் மணியே அடிக்கவில்லை என்பது பொருள். முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். விலை குறைந்த பல கேபிள்களில் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் மட்டுமே இருக்கும். பச்சையும் வெள்ளையும் வைக்கப்படுவதே இல்லை! வெளித்தோற்றத்தில் இரண்டு வகைக்கும் வேறுபாடு தெரியாது. வேறொரு கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளுக்கு ஆகும் சிறு செலவோடு முடிய வேண்டிய காரியத்திற்குக் கைபேசியையே மாற்றுபவர்களும் உண்டு.

3. ஒலி வருகிறது, ஆனால் கோப்புறை வெறுமையாக உள்ளது. நான்கு கம்பிகளும் நலமே. அனுமதிதான் இல்லை. திரையின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தொடுங்கள்.

4. இணைப்பு தோன்றித் தோன்றி மறைகிறது. தளர்ந்த செருகியோ நீண்ட மெல்லிய கேபிளோ காரணமாகலாம். கணிப்பொறியின் வேறொரு வாயில், குட்டையான கேபிளைக் கொண்டு சோதியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. கேபிளையும் கணிப்பொறியையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் நாம் கைக்கொள்ளும் முறையும் இதுவே.

செருகியின் வடிவத்தைக் கண்டும் ஏமாறக் கூடாது. 2014-இல் வந்த 'டைப்-சி' செருகியில் 24 தொடுமுனைகள் உள்ளன. மேலே 12, கீழே 12. எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். ஆயினும் உள்ளே எத்தனை கம்பிகள் உள்ளன என்பதே வேகத்தை முடிவு செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பொருத்தப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 2023-இல் வந்த ஐபோன் 15 வரிசையில் எல்லாவற்றிற்கும் டைப்-சி வாய்தான். ஆனால் சாதாரண ஐபோன் 15-இன் வேகம் பழைய யு.எஸ்.பி. 2.0-வின் வேகமே, அதே வரிசையின் 'புரோ' வகை, உரிய கேபிளோடு, வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகளை அனுப்ப வல்லது. ஒரே வாய், இருபது மடங்கு வேறுபாடு!

குறையே காவலாகும் இடம்

மேலே இரண்டாம் அறிகுறியில் நாம் குறை கூறிய இரண்டு-கம்பிக் கேபிளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரயில் நிலையம், பேருந்து நிலையம், தங்கும் விடுதி ஆகிய பொது இடங்களில் மின்னேற்றத்திற்கென யு.எஸ்.பி. வாய்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் பின்புறம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வெறும் 5 வோல்ட் மட்டும் தரும் வாய், உங்கள் படங்களைக் கேட்பதற்குக் காரணமே இல்லை. அங்கே கைபேசித் திரையில் 'அனுமதிக்கலாமா?' என்ற கேள்வி தோன்றினால் அதன் பொருள் என்ன? பச்சை, வெள்ளைக் கம்பிகளின் மறுமுனையிலிருந்து ஏதோ ஒரு கணிப்பொறி பேசுகிறது என்பதே! உடனே 'வேண்டாம்' என்று தொட்டுக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செய்திக் கம்பிகளே இல்லாத கேபிளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சொந்தச் சார்ஜரைச் சுவரிலுள்ள மின்வாயில் செருகிக்கொள்வது இன்னும் நல்லது.

நகலகத்தின் கணிப்பொறியில் கைபேசியை இணைக்க நேர்ந்தாலும் இதே கவனம் வேண்டும். 'கோப்புப் பரிமாற்றம்' என்று அனுமதித்தால், நீங்கள் அச்சிட விரும்பும் ஒரு தாளுக்கு மட்டுமன்றி, கைபேசியிலுள்ள எல்லாப் படங்களுக்குமே வழி திறக்கிறது. வேண்டிய கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் செல்வதே தக்கது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தாவின் படம், தங்கையின் முதல் பிறந்தநாள், அம்மாவின் குரல் என்று பல குடும்பங்களின் நினைவுகள் இன்று ஒரே ஒரு கைபேசிக்குள் அடங்கியுள்ளன. அது தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற பழைய கணிப்பொறி வீட்டில் இருந்து, அது இன்னும் இயங்குமானால், அந்த நினைவுகளுக்கு இரண்டாவது இருப்பிடம் ஆகட்டும். படங்களை மாற்றும்போது 'வெட்டி ஒட்டு' முறையைப் பயன்படுத்தாதீர்கள். முதலில் நகலெடுங்கள், கணிப்பொறியில் சிலவற்றைத் திறந்து சரிபாருங்கள், அதன் பின்னரே கைபேசியில் அழிப்பதைப் பற்றி எண்ணுங்கள். நகலெடுக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்பு பாதியில் நின்றுவிடும்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள யு.எஸ்.பி. கேபிள்களையெல்லாம் ஒன்றுசேருங்கள். ஒரே கைபேசி, ஒரே கணிப்பொறி, ஒரே வாய். கேபிளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிச் செருகுங்கள். கைபேசியின் பூட்டைத் திறந்தே வைத்திருங்கள். கணிப்பொறி ஒலி எழுப்பியதா, கைபேசியில் 'கோப்புப் பரிமாற்றம்' என்னும் தேர்வு தோன்றியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். செய்தி செல்லும் கேபிளுக்குப் பச்சை நூலும், மின்னேற்றம் மட்டும் தரும் கேபிளுக்குச் சிவப்பு நூலும் கட்டுங்கள். பச்சை வீட்டு மேசைக்கு. சிவப்பு பயணப் பைக்கு. கேபிளை அறுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வினாக்கள்

1. கட்டுரையில் கூறிய அதே தாமிரக் கம்பியாலான 1 மீட்டர் கேபிளில் 0.5 ஆம்பியர் பாய்ந்தால் கைபேசிக்குச் சென்று சேரும் மின்னழுத்தம் எவ்வளவு?

2. வினாடிக்கு 30 மெகாபைட் வீதம் படங்கள் நகலாகின்றன. 9,000 மெகாபைட் படங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

3. மெதுவாக இயங்கும் சில சுட்டிகளில் 1,500 ஓம் மின்தடை பச்சைக் கம்பிக்குப் பதில் வெள்ளைக் கம்பியில் இணைக்கப்பட்டுள்ளது. இதிலிருந்து கணிப்பொறி எதை அறிந்துகொள்ளும்?

விடைகள்: 1. சுமார் 4.79 வோல்ட். 2. 5 நிமிடம். 3. வெள்ளைக் கம்பி 3 வோல்ட்டுக்கு உயர்வதால், வந்திருப்பது வேகம் குறைந்த கருவி என்பதை ஒரு சொல்கூடப் பேசுவதற்கு முன்பே அறிந்துகொள்ளும்.